தன்முனைப்பு முகாமும் ஒரு கணக்கும்

போன சனிக்கிழமை புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில், பள்ளி இறுதியாண்டான ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம், அதாவது ‘மோட்டிவேஷன்’. சிறப்பு விருந்தினர் – அடியேன்தான்.

மண்டபத்தில் நுழைந்ததுமே காதைப் பிளக்கும் கூச்சல். “என்னால் முடியும்!” பேச்சாளர் கோட்டு போட்டிருந்தார். அந்தப் புழுக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் நின்றதற்கே அவருக்கு ஓர் ‘ஏ’ கொடுக்கலாம்.

பக்கத்தில் இருந்த இரண்டு பையன்களிடம், எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எல்லாம் ஏ எடுத்தா அப்பா மோட்டர்சைக்கிள் வாங்கித் தராராம். புளூ கலர் லா அங்கிள்!” என்றான் ஒருவன்.

“ஃபெயிலானா எங்கப்பா தோலை உரிச்சிருவாரு” என்றான் மற்றவன்.

ஆசையில் படிப்பவன் மோட்டரைப் படிக்கிறான். பயத்தில் படிப்பவன் அப்பாவின் முகத்தைப் படிக்கிறான். சரி... பாடத்தை யார்தான் படிக்கிறார்கள்?

முன்வரிசையில் தர்ஷினி படித்துக்கொண்டிருந்தாள். மடியில் கூடுதல் கணிதப் புத்தகம். அவளுக்குக் கணக்கு என்றால் உயிராம். திங்கட்கிழமை தேர்வு, ஒரு பாடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சனிக்கிழமைதோறும் இதே மண்டபத்தில் புஷ்பா டீச்சர் இலவசமாக வகுப்பு எடுப்பார். அன்று வகுப்பு ரத்து. மாணவர்களைப் படிக்கத் தூண்ட வேண்டுமே! டீச்சருக்குப் பாதபூஜை ஏற்பாட்டு வேலை... தாம்பாளம், மஞ்சள் தண்ணீர், பூ, துண்டு.

பாதபூஜை தொடங்கியது. சோக இசை. பிள்ளைகள் பெற்றோரின் கால்களைக் கழுவ, மண்டபமே விசும்பியது. எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். தர்ஷினியின் அம்மா சுங்கை காடுட் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார்.

“சீக்கிரம் கழுவும்மா. போய்ப் படிக்கணும்ல” என்று மகளிடம் முணுமுணுத்தார்.

கடைசியில் பேச்சாளர், “யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார். தர்ஷினி புத்தகத்தோடு எழுந்து போனாள்.

“சார், இந்தக் கணக்கு வர மாட்டேங்குது.”

“வரும்னு நம்பும்மா! கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு – என்னால் முடியும்!”

ஒரே கைதட்டல். அவள் கண்ணை மூடவில்லை.

“நம்பிக்கையெல்லாம் இருக்கு சார். எங்க டீச்சரத்தான் நீங்க புடிச்சு வச்சிருக்கீங்க. கொஞ்சம் விட்டுருங்க சார்... மண்டே எக்ஸாம் லா.”

டீச்சர் கையில் அடுக்கிய தாம்பாளங்களோடு நின்றார். நான் போய் அவற்றை வாங்கிக்கொண்டேன். டீச்சரும் தர்ஷினியும் மண்டபத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கணக்கைத் தொடங்கிவிட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் உரை ரத்து. குழாயடியில் உட்கார்ந்து தாம்பாளம் கழுவினேன்.

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த தன்முனைப்பு உரை அதுதான்!