டகோட்டாவுக்குக் கட்டை போடுகிறவர்

இடது சக்கரத்துக் கட்டைக்குக் குதிகாலால் ஓர் உதை. பிறகு வலது சக்கரத்துக் கட்டைக்கும் ஓர் உதை. நாலடி தள்ளி நின்று, விமானத்தை மூக்கிலிருந்து வால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, தணிகாசலம் யாருக்கென்று இல்லாமல் அறிவிக்கிறார்: "நவுரல."

மூன்று வருஷமாகப் போகிறது, அது நகரவில்லை. ஆனாலும் தினம் காலை ஆறு மணிக்கு இதைப் பார்த்துச் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி. அந்த நேரத்தில் அவர் இடுப்பில் நாலு முழ வேட்டியும் தலையில் ஒரு டையும் இருக்கும். ஆபீசர்கள் கழுத்தில் கட்டுகிற அதே டைதான். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. அதைத் தலையைச் சுற்றிக் கட்டி, முனையைக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பார். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமைதோறும் சென்னையிலுள்ள விமானக் கம்பெனிக்கு ஒரு கார்டு போக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "விமானம் உள்ளது. நகரவில்லை. மழை இல்லை." நூறு கார்டுக்கு மேல் எழுதியாயிற்று. மழை மட்டும்தான் மாறும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் சமப்படுத்திவிட்டுப் போன புல்வெளி அது. யுத்தம் முடிந்ததும் மாடுகள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அறுபத்தெட்டு ஐப்பசியில் ஒரு மத்தியானம், ஓர் இன்ஜினில் எண்ணெய் ஒழுக, இந்த டகோட்டா அங்கே வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர்கள் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனார்கள். கம்பெனி முதலாளிகளான அண்ணனும் தம்பியும், விமானம் யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். விமானம் எங்கும் போகவில்லை. முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். அதனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, சோற்றுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

காவலுக்கு ஆள் தேடி வந்த கம்பெனிக் குமாஸ்தா, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கத் தெரிந்தவராக வேண்டும் என்றார். ஊரே தணிகாசலத்தைக் கை காட்டியது. சின்ன காஞ்சிபுரத்தில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் அவர். உருண்டு வரும் சக்கரத்தின் கீழ் புளியங்கட்டையைத் தள்ளித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. தேரன்று ஒரு நாள் ஊரே அவர் கையைப் பார்க்கும். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். விமானம் வந்த பிறகு அவருக்குத் தினமும் தேர்.

விமானம் பறக்கும் என்பதை அவர் கொள்கையளவில்கூட ஒப்புக்கொள்வதில்லை.

"தேருக்கு ஆயிரம் பேரு வடம் புடிச்சி இழுக்கறான். இத்த இழுக்க ஒருத்தனும் இல்ல. அப்புறம் எப்பிடிப்பா போவும்?"

"காத்து தூக்கறதுடா, காத்து!" என்பார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சக்ரவர்த்தி ஐயங்கார்.

"காத்து தெனந்தான் அடிக்குது, சாமி. ஏன் தூக்கல?"

வாத்தியார் அந்த வாரம் முழுவதும் மைதானத்துப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வரும். செருப்பை இறக்கையின் நிழலுக்கு வெளியே விட வேண்டும் என்பது தணிகாசலத்தின் சட்டம். ஜன்னலோர இருக்கை புதுசாகக் கல்யாணமானவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும்.

கட்சிக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரசபை உறுப்பினர் மாணிக்கவாசகம்தான் முதலில் வந்தார். கழுத்தில் மாலை, கையில் தோல்பெட்டியுடன் விமானப் படியில் நின்று கையசைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தவர்கள் அவர் டில்லி போய் வந்ததாக நினைத்தார்கள். அவர் மறுக்கவில்லை. பெட்டி காலி என்பது அதைச் சுமந்து வந்த தணிகாசலத்துக்கு மட்டும் தெரியும். அடுத்த இரண்டு மாதத்தில் ஊரின் பிரமுகர்கள் ஏழு பேர் அந்தப் படியில் இறங்கினார்கள். ஒருவர் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டோடு ரஷ்யாவிலிருந்தே இறங்கினார். இறங்கிய ஒவ்வொருவரும் தணிகாசலத்தின் தோளைத் தட்டி, "உன் வேலைய பர்மனென்ட் பண்ணிடறேன்பா" என்றார்கள்.

இந்தத் தை மாதம் கோர்ட்டில் தம்பி ஜெயித்துவிட்டார். விமானத்தை எடுத்துப் போக மெக்கானிக் முனிரத்தினம் வந்து சேர்ந்தார். பத்து நாள் பாடுபட்டு, இன்ஜின்களிலிருந்து குருவிக்கூடுகளை அள்ளிப்போட்டு, இரண்டையும் இரும வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை புறப்பாடு என்றார்கள்.

வியாழக்கிழமை தணிகாசலம் சாப்பிடவில்லை. அவர் மனைவி தேவகிக்கு இதெல்லாம் பொறுக்காது.

"இன்னாத்துக்கு இப்பிடி ஒக்காந்துக்கினு கீற? அந்தக் கட்டைய எத்தாந்து நம்ம ஊட்டுக் கதவுக்கு முட்டுக் குடு. காத்துக்கு நிக்க மாட்டேங்குது."

"உனுக்கு இன்னாமே தெரியும்? அது போச்சின்னா நாளைலேர்ந்து என்ன எவன் பாப்பான்?"

மாணிக்கவாசகத்திடம் போய் முறையிட்டார். இன்ஜின் ஓடும்போது போட்டோ இன்னும் நன்றாக விழும், வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டு ஊர் திரண்டது. சென்னையிலிருந்து வந்த கேப்டன், பருத்த மனிதர், ஏறி உட்கார்ந்தார். இரண்டு இன்ஜின்களும் உறுமின. மாணிக்கவாசகத்தின் மாலை பறந்து ஓர் எருமையின் கொம்பில் விழுந்தது. கேப்டன் ஜன்னல் வழியாகக் கட்டை விரல்கள் இரண்டையும் வெளிப்பக்கம் காட்டினார். கட்டையை எடு என்று அர்த்தம். கட்டைகளில் கட்டிய கயிறு தணிகாசலத்தின் காலடியில் கிடந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கட்டைய எடுய்யா!" என்று கத்தினார் முனிரத்தினம்.

"மரியாத வரல."

"இன்னா வரல?"

"மரியாத!"

தேர் நாளில் ஒரு வழக்கம் உண்டு. முட்டுக்காரர் தலையில் பரிவட்டத் துணி கட்டினால்தான் அவர் கட்டையை எடுப்பார். வடத்தில் ஆயிரம் பேர் நிற்கட்டும், கலெக்டரே நிற்கட்டும், அதுவரை தேர் நிற்கும். போன வருஷத்துப் பரிவட்டம் இந்த வருஷத்துக்குச் செல்லாது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

பத்து நிமிஷம் உறுமிய பிறகு கேப்டன் இன்ஜின்களை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சக்ரவர்த்தி ஐயங்கார் அவருக்கு இங்கிலீஷில் விளக்கினார். பல்லவ காலத்திலிருந்து ஆரம்பித்ததால் சற்று நேரமாகிவிட்டது.

"ஒரு துணிதானே வேணும்?" என்றார் கேப்டன், வியர்வையைத் துடைத்தபடி.

"துணி இல்ல சார், மரியாத" என்று திருத்தினார் தணிகாசலம்.

கேப்டன் தன் டையை அவிழ்த்தார். அதைத் தணிகாசலத்தின் தலையில் தானே கட்டினார். யாரோ வெற்றிலை பாக்கு நீட்டினார்கள். கூட்டத்தில் ஒரு குரல் "கோவிந்தா!" என்றது, ஊரே திருப்பிச் சொன்னது. தணிகாசலம் முகம் மலர்ந்து, கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கட்டைகளையும் சுண்டி இழுத்தார்.

கேப்டன் ஏறினார். வலது இன்ஜின் கிளம்பியது. இடது இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடியும் முயன்றார், உள்ளிருந்து நீலப் புகை வந்தது.

"ஸ்டார்ட்டர் போச்சு" என்றார் முனிரத்தினம், தலையில் கை வைத்து. "மொத தடவ கெளம்பினதே பெருசு. அப்பவே வுட்டிருந்தா இந்நேரம் மெட்ராஸ்!"

தணிகாசலம் கட்டைகளைத் திரும்பச் சக்கரத்துக்கு அடியில் செருகி, ஆளுக்கொரு உதை கொடுத்தார்.

புது ஸ்டார்ட்டருக்குப் பம்பாய்க்கு எழுதினார்கள். பம்பாய்க்காரர்கள் அது சீமையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். சீமையிலிருந்து வர லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்கு டில்லி வேண்டும். டில்லி போய் வந்தவராயிற்றே என்று மாணிக்கவாசகத்தைக் கேட்டார்கள். அவருக்கு அன்று வயிற்று வலி. இதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அந்தப் புறப்பாடு இன்னும் முடியவில்லை என்பது தணிகாசலத்தின் கணக்கு. ஆகவே டை தலையிலிருந்து இறங்கவில்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றி, விமானத்தின் கதவுப் பிடியில் மாட்டிவைப்பார்.

வேண்டுமென்றே செய்தாரா என்று ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. நான் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "மொற மொறதாம்பா. அதுக்கு மிஷின் கெட்டுப்போச்சின்னா நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

இன்று காலை கம்பெனியிலிருந்து ஒரு கார்டு வந்திருந்தது. சக்கரத்தடியில் நின்று அவருக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டார்ட்டர் கிடைத்துவிட்டது, வரும் வியாழனன்று கேப்டனும் மெக்கானிக்கும் வந்து விமானத்தை எடுத்துச் செல்வார்கள், காவலர் தயாராக இருக்கவும்.

"இன்னொரு தபா படி" என்றார். படித்தேன்.

இடது கட்டைக்கு ஓர் உதை, வலது கட்டைக்கு ஓர் உதை. பிறகு இரண்டு கையையும் உயர்த்தித் தலையிலிருந்த டையை மெல்ல அவிழ்த்தார். மடிப்புக் கலையாமல் நாலாக மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுந்தலையோடு விமானத்துக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.