பறிக்காமல் விட்ட ஹாப்ஸ்

சாரெமா தீவில் பீர் போடுகிற வீட்டையெல்லாம் எண்ணி முடியாது. அதற்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவை யாரும் கடையில் வாங்குவதில்லை. வீட்டுச் சுவரிலேயே கொடி ஏறிக் கிடக்கும்.

ஓஸ்வால்ட் வீட்டுக் கொடி அவன் மனைவி மீத்தாவுடையது. கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டுக் கொடியின் வேரைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தாள். ஓஸ்வால்ட் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவன்; பீர் போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நாற்பது வருடம் மார்தட்டியவன். ஆனால் பூவை எப்போது பறிப்பது, எத்தனை பிடி போடுவது என்பதெல்லாம் அவள் ராஜ்ஜியம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு பூவைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்து முகர்வாள். "நாளைக்கு" என்பாள், அல்லது "இன்னும் நாலு நாள்" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த வருடம் வசந்தத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டான்; கொடி ஏறிய சுவர் அங்கிருந்து தெரியாது. படுத்தபடியே ஒருநாள் சொன்னாள்: "கிழவா, இந்த வருஷப் பூவுல போட்ட பீரு ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போவேன். அதுவரைக்கும் சாவு வந்தா வாசல்ல நிக்கட்டும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பூ பறித்தால் பீர், பீர் குடித்தால் போய்விடுவாள். பறிக்காவிட்டால்? எழுபது வயதில் இப்படி ஒரு பித்துக்குளித்தனம். ஆனால் அவனுக்கு வேறு என்ன இருந்தது?

ஆகஸ்ட் கடைசியில் அவள் பூ கேட்டாள். கொடி கொட்டகைக்குப் பின்னால் படர்ந்திருந்த, வெயிலே படாத பக்கத்திலிருந்து பச்சையாக ஒன்றைக் கிள்ளிவந்து கொடுத்தான். தேய்த்து முகர்ந்தாள். "இன்னும் நாலு நாள்." நாலு நாள் கழித்தும் நிழல் பூவே வந்தது. "இந்த வருஷம் என்ன, வெயில் பத்தலையா?" என்றாள். அவன் ஆமாம் என்றான்.

செப்டம்பர் பாதியில் பக்கத்து வீட்டு சல்மெ வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் போட்டாள்.

"ஓஸ்வால்டு! உன் கொடி முழுக்கப் பழுப்பேறிக் கெடக்கே, கண்ணு அவிஞ்சு போச்சா? நான் வந்து பறிச்சுத் தரவா?"

"உன் வேலையப் பாரு, சல்மெ!"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே வந்தவனை மீத்தா நெடுநேரம் பார்த்தாள்.

"நிழல்ல இருக்கிறதாப் பாத்துப் பாத்துக் கொண்டாந்தியா?"

அவன் போய் ஜன்னலைச் சாத்தினான்.

"நான் போயிடுவேன்னு பயமா?"

தலையை மட்டும் ஆட்டினான். அழுகை வந்துவிட்டது.

"மடையா. பூவு பறிச்சா போறேன் நான்? வலி தாங்காமப் போறேன். அந்த ஒரு வாயாவது குடுத்திருக்கலாம்ல."

விடிந்ததும் பறித்தான். பூவுக்குள் இருந்து கசப்பைத் தரும் மஞ்சள் தூள் பாதி உதிர்ந்து போயிருந்தது. இருந்ததை வைத்துப் பீர் போட்டான். மூன்றாம் நாள் தயாரானபோது அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கரண்டியில் எடுத்து உதட்டை நனைத்தான். நாக்கால் தடவிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கசப்பே இல்ல. வெங்காய நாத்தம்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தாள்.

சாவு வீட்டில் வீட்டுப் பீர் ஊற்றுவது அந்தத் தீவின் வழக்கம். சல்மெ தன் வீட்டுப் பீரைத் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை; தான் போட்டதையே ஊற்றினான். மரக்குவளை கை மாறி மாறிப் போயிற்று. குடித்தவர்கள் முகத்தைச் சுளிக்காமல், "நல்லா இருக்கு, மீத்தா கைப்பக்குவம் அப்படியே இருக்கு" என்றார்கள்.

ஓஸ்வால்ட் எழுந்து நின்றான்.

"பொய் சொல்லாதீங்க. நல்லா இல்ல. பூவு முத்திக் கெட்டுப்போச்சு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா, நாந்தான் ஏமாத்திப் பறிக்காம வெச்சிருந்தேன்."

சல்மெ அவன் தோளைத் தொட்டாள். அவன் விலக்கினான்.

"ஒரே ஒரு வாய் கேட்டா, சல்மெ. நல்லதா அதைக்கூட நான் குடுக்கல."