லிப்டுக்குள் ஒரு துப்பாக்கிக் கட்டை

விருதுநகரில் ஒரு பேங்க் லிப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே நானும் பேங்க் காவலாளியும் மட்டும். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, தோளில் பழைய துப்பாக்கி. ஏறியதிலிருந்து அதன் மரக்கட்டையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு மூச்சு முட்டியது. நான் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அங்கே சின்ன அறைக்கும் நாலு பக்கம் வாசல் உண்டு. வேலை நேரத்தில் ஒரு கதவும் சாத்தியிருக்காது. அதையெல்லாம் அவரிடம் புலம்பிக்கொண்டே, இந்த மூடின கதவைத் தட்டித் தட்டி அழ ஆரம்பித்துவிட்டேன்.

"தாயி, இதப் பிடிங்க" என்று துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "மிலிட்டரியில கழிச்சது. பின்கட்டை எந்த ஊரு மரம், சொல்லுங்க பாப்போம்."

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி!"

"கருங்கோடு ஓடுதுல்லா? காஷ்மீர் வால்நட்டு. முன்கட்டையில பொடிப்பொடியாப் புள்ளி இருக்கு, அது சீமை மரம். ரெண்டு துப்பாக்கிக் கட்டைய ஒண்ணாச் சேத்திருக்காக."

"அப்ப குறுக்கால இந்தத் திருகாணி?"

"அதையும் பாத்துட்டீகளா! அது நம்ம நாட்டுல போட்டது. கட்டை பிளந்துராம இருக்க."

தடவித் தடவிப் பார்த்ததில் மூச்சு சீரானது. லிப்ட் அசைந்ததும் துப்பாக்கியைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். "பட்டாசுக்காரிகிட்டத் துப்பாக்கியக் கொடுத்தேன்னு மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும், தாயி."

கதவு திறந்தபோது மேனேஜரே வெளியே நின்றிருந்தார். "பயந்துட்டீங்களாம்மா?"

"அண்ணாச்சி கூட இருந்தாக" என்று மட்டும் சொன்னேன்.

முன்பின் தெரியாத என்னை எப்படி அவர் நம்பினார் என்று இன்றும் யோசிக்கிறேன். துப்பாக்கியில் குண்டு இருந்ததா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.