மாமரம் பூத்த மாசி

அந்த மாசியில் எங்கள் கொல்லை மாமரம் பூத்திருப்பதை முதலில் பார்த்தவள் அண்ணிதான். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கைக்கெட்டும் உயரத்தில் இருந்த பூங்கொத்தையே பார்த்தபடி நின்றாள். அண்ணன் காய்ச்சலில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணமான வருஷம் அவன் நட்ட ஒட்டுக்கன்று அது. செடி பலம் பிடிக்கட்டும் என்று முதல் இரண்டு வருஷமும் வந்த பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டான். "அடுத்த வருஷம் வுட்டுடலாம், காய்க்கட்டும்" என்று அண்ணியிடம் சொல்லியிருந்தான்.

குழந்தை இல்லாத மகளை அழைத்துப்போகத் தாமலிலிருந்து அவள் அப்பா வந்தார். "கெளம்புமா" என்றார்.

"மரம் பூத்திருக்குதுப்பா. பிஞ்சு புடிக்கிற நேரத்துல தண்ணி இல்லன்னா உதிர்ந்துடும். அப்புறமா வரேன்."

அவர் எங்கள் அம்மாவைப் பார்த்தார். "அவ இஷ்டம், இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அண்ணி இருந்தாள். தறியில் உட்காருவதற்கு முன் கொல்லைக்குப் போவாள். பூவில் பூச்சி விழுந்தபோது வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தாள். பங்குனியில் மாதுளை சிவப்பாகப் பூத்தது. மார்கழியில் அண்ணன் வெட்டிவிட்டிருந்த மல்லிகை தளிர்த்து, கிளைக்குக் கிளை மொட்டு விட்டது. எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள். மல்லிகையை மட்டும் பறிக்கமாட்டாள். நான் கூடையோடு போனால் உள்ளே போய்விடுவாள். மாம்பழம் பழுத்தபோது தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். தான் ஒன்றும் தின்னவில்லை. அவள் அப்பா மறுபடி வந்தார். மறுபடியும் தனியாகவே திரும்பினார்.

அடுத்த பங்குனியில் அம்மா பேச்சை எடுத்தாள். திருப்புட்குழியில் ஒரு பையன், மனைவியை இழந்தவன், நல்ல மாதிரி.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னைத் தொரத்துறீங்களா அத்தை?"

அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். ஒரு கை மல்லிகை மொட்டுப் பறித்து வந்து, அங்கேயே உட்கார்ந்து கட்டி, அண்ணியின் தலையில் வைத்தாள்.

"தொரத்தலமா. எம்புள்ள நட்ட மரம் இங்கியே இருந்துக்கினு போவட்டும். நீ இருக்க வேணாம்."

அண்ணி தலையிலிருந்து பூவை எடுக்கவில்லை. அம்மாவின் மடியில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதாள். அம்மா கண் கலங்காமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வைகாசியில் கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. இப்போது அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை. ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போவதில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது கல்யாணத்துக்கு மறுநாள்தான். அம்மா தண்ணீர் ஊற்றப் போனவள் திரும்பவில்லையே என்று போய்ப் பார்த்தேன். மரத்தடி ஈரத்தில் உட்கார்ந்து, அண்ணன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அவன் செத்த அன்றும், அதற்குப் பிறகும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. தேற்றவேண்டிய ஒருத்தி அதுவரை வீட்டில் இருந்தாள்.