பத்து மீட்டர் சுவரில் பன்னிரண்டு ஸ்டாப்

பல்கலைக்கழகக் கலை மையத்தில் அவருக்கு டேப் என்று பெயர். சம்பளச் சீட்டில் 'கண்காட்சிப் பொறுப்பாளர்' என்றுதான் இருக்கிறது. ஆனால் இடுப்பில் எந்நேரமும் அளவு டேப்பைச் செருகிக்கொண்டு திரிகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எந்தப் படத்தை எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்த விளக்குக்குக் கீழே மாட்டுவது என்று முடிவு செய்வது அவர் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறார். மாமியாருக்கு மட்டும் அது இன்னும் பிடிபடவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "மாப்பிள்ளை யூனிவர்சிட்டியில இருக்கார்" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். கேட்டவர்கள் பேராசிரியர் என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

டேப்புக்குக் கவலைப்படுவது மூச்சு விடுவது மாதிரி. வீட்டைப் பூட்டிப் பாதிப் படி இறங்கியபின் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "ஆணி விழுந்துடுமோன்னு பயப்படுற ஆளு, ஆணியை நம்பிப் பொழைக்கிற வேலைக்கு ஏங்க போனீங்க?" என்பாள் மனைவி. அவர் பூட்டை இன்னொரு தரம் இழுப்பார்.

இந்த முறை கவலைக்கு வலுவான காரணம் இருந்தது. அவர் தினமும் வேலைக்கு வரும் பஸ்ஸை ஓட்டுகிற அம்மாள் படம் வரைகிறவர். இருபது வருடம் ஒரே ரூட். பன்னிரண்டு ஸ்டாப்புகளையும் முன்கண்ணாடி வழியே தெரிகிறபடி ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போய் முதல் ஐந்து படங்களைப் பார்த்த அன்றே டேப் அவற்றில் மயங்கிவிட்டார். மழையில் குடையில்லாமல் நிற்கிற ஒருவர், ஓடிவருகிற ஒருத்தி, ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிற ஒரு கிழ நாய். ஓவியக் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவருக்குப் பெரிய கூடத்தைக் கொடுப்பதா என்று மையத்தின் இயக்குநர் இழுத்தபோது, வழக்கமாக வாயைத் திறக்காத டேப் மேசையைத் தட்டிப் பேசினார். தட்டிவிட்டு, மேசைக்கு அடிபட்டதா என்றும் பார்த்துக்கொண்டார்.

ஓட்டுநரம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "பன்னிரண்டும் வரிசையா இருக்கணும் தம்பி. ஒண்ணை விட்டாலும் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடுவேன். இத்தனை வருஷத்துல எந்த ஸ்டாப்புலயும் ஆளை நிக்க வெச்சுட்டுப் போனவ இல்ல நான்."

மிச்ச ஏழு படங்களையும் அந்த அம்மாள் லீவு போட்டு முடித்துவிட்டு, அளவுகளை மட்டும் சென்டிமீட்டரில் போனில் அனுப்பினார். முதல் ஐந்து, 60 – 60. அடுத்த ஏழு, 120 – 60. படம் மாட்டுகிற தொழிலில் உயரத்தை முதலில் சொல்வார்கள், பிறகுதான் அகலம். ஆகவே டேப் அந்த ஏழையும் நெட்டைப் படங்கள் என்று எடுத்துக்கொண்டார். சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் ஆறாவது ஸ்டாப்பிலிருந்துதான் அடுக்குமாடிகள் தொடங்குகின்றன. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உட்கார்ந்து ஒரு வாக்கியம் எழுதினார்: 'கட்டடங்கள் உயர உயர, ஓவியங்களும் உயர்கின்றன.' அதைப் பசைத்தாளில் ஒட்டெழுத்தாக வெட்டி வாசல் பக்கச் சுவரில் ஒட்டியும் ஆயிற்று. போகும்போதும் வரும்போதும் படித்துக்கொள்வார்.

நீளச் சுவர் பத்து மீட்டர். மூன்று முறை அளந்தார். படங்களின் அளவுக்குப் பழுப்புத் தாளை வெட்டி ஒட்டி, நடுவில் இருபது சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பார்த்தார். மொத்தம் 940. இரு பக்கமும் முப்பது மிச்சம். தைத்துப் போட்ட சட்டை மாதிரி பொருந்தியது. மையத்துத் தச்சர் பன்னிரண்டு கொக்கிகளையும் அடித்து முடித்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை படங்கள் வந்திறங்கின. முதல் ஐந்தும் மாட்டியாயிற்று. ஆறாவது பெட்டியைத் திறந்த தச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், இது படுத்துக்கிட்டு இருக்கு."

"நிமிர்த்துங்க."

"நிமிர்த்தினா பஸ் ஸ்டாப்பு செங்குத்தா மேல ஏறுது சார். வந்து பாருங்க."

டேப் வந்து பார்த்தார். படம் உயரமில்லை, அகலம். ஏழாவது, எட்டாவது, பன்னிரண்டு வரைக்கும் அப்படியே. இடுப்பிலிருந்து டேப்பை உருவி அளந்தார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் சுவர் மூன்றரை மீட்டருக்கு மேல் போதவில்லை.

"ரெண்டு வரிசையா மாட்டிடலாமா?" என்றார் தச்சர்.

"ரூட்டு மாடியில ஓடுமாய்யா?"

"அப்ப கடைசி மூணு பழுதுபார்க்கப் போயிருக்குன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

ஒரு நிமிடம் டேப்புக்கும் அந்த ஆசை வந்தது, உண்மை. மனைவிக்குப் போன் போட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தினமும் அந்த அம்மா பஸ்ஸுலதானே ஏறணும்? மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவீங்க? நேரா சொல்லிடுங்க" என்றாள். பிறகு, "சாப்பிட்டுட்டு சொல்லுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

சாப்பிட எங்கே நேரம்? மத்தியான இடைவேளையில் ஓட்டுநரம்மாவே சீருடையோடு வந்து நின்றார். டேப் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். உயரம் முதலில் என்கிற வழக்கம், பழுப்புத் தாள், கொக்கி, மூன்றரை மீட்டர். கடைசியில், "தப்பு என்னோடதுதான்க்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

"உயரத்தையா முதல்ல சொல்வீங்க?" அந்த அம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "சந்துக்குள்ள வண்டியை விடுறப்போ எவனாவது உயரத்தைப் பார்ப்பானா? அகலம்தான் தம்பி எல்லாம். பக்கக் கண்ணாடி தப்பிச்சா வண்டி தப்பிச்சுது." பிறகு ஒட்டெழுத்து கண்ணில் பட்டது. நின்று படித்தார். "இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"உயரலையே தம்பி, பக்கவாட்டுல இல்ல பெருகுது? ஊருக்குள்ள கூட்டம் சேரச் சேர ரெண்டு பக்கமும் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கு, அதான் அகலமா வரைஞ்சேன்." இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என் உடம்பும் அந்த மாதிரிதான் போயிட்டிருக்கு" என்றார். தச்சர் திரும்பி நின்று சிரித்தார்.

"சிரிச்சாச்சு. ஆனா பன்னிரண்டும் வரணும்" என்றார் ஓட்டுநரம்மா. குரலில் விளையாட்டு இல்லை.

முதல் படத்துக்கு முன்னால் போய் நின்று, சுவரை ஒட்டி மெதுவாக நடக்க ஆரம்பித்தார். ஆறாவதிலிருந்து மிச்சப் படங்களைத் தச்சர் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துக்கொண்டே முன்னால் போனார். ஒன்பதாவது படத்தோடு சுவர் முடிந்தது. அந்த அம்மாள் நிற்கவில்லை. கை தானாக இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பியது. உடம்பும் வலப்பக்கம் திரும்பியது.

"ஒன்பது தாண்டினா ரைட்டு. மார்க்கெட் முனை. தினம் போறீங்க, தெரியாதா?"

வலப்பக்கம் இருந்தது கூடத்தின் கெட்ட சுவர். பதினோரு வருடமாக டேப் அதில் எதையும் மாட்டியதில்லை. அந்தச் சுவரின் ஆரம்பத்திலேயே தீயணைப்புக் குழாயின் சிவப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்களின் கண்ணைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி.

"அந்தப் பெட்டி இருக்கேக்கா" என்றார் ஈனக் குரலில்.

"இருக்கட்டுமே. முனை திரும்பினதும் அங்க சிக்னல்தானே? எனக்கு எப்பவும் சிவப்புதான் விழும்."

டேப் அளந்தார். ஐந்து சதுரம், நான்கு அகலப் படம், நடுவில் இருபது இருபது. நீளச் சுவருக்கு வந்த தொகை 940. முதலில் வந்த அதே எண். இரு பக்கமும் அதே முப்பது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், மயக்கமா?"

"இல்லய்யா. பசி."

மத்தியானம் முழுக்கத் தச்சர் பழைய துளைகளை அடைத்துக்கொண்டே முணுமுணுத்தார். டேப் தன் நகத்தாலேயே அந்த வாக்கியத்தை ஒவ்வோர் எழுத்தாக உரித்தெடுத்தார். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஓட்டுநர்கள் கூட்டமாக வந்தார்கள். முதல் ஸ்டாப்பில் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் நின்று, "இந்த ஆளு நம்ம வண்டியிலயும் சில்லறை இல்லாமத்தான் ஏறுவான்" என்று நகர்ந்தார்கள். முனை திரும்பியதும் முன்னால் போனவர் சிவப்புப் பெட்டிக்கு எதிரே சட்டென்று நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ வாயால் ஹாரன் அடித்தார். ஓட்டுநரம்மா கடைசியில் நின்று விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு வந்ததும் விரலை மடக்கிக்கொண்டார்.

முதல் தடவையாக மாமியாரும் வந்திருந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "படம் அவங்க வரைஞ்சது, ஆணி இந்தத் தச்சர் அடிச்சது. இதுல நீங்க என்ன செஞ்சீங்க மாப்பிள்ளை?" என்றார்.

டேப் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநரம்மாதான் முந்திக்கொண்டார். "ஒரு ஆளையும் வழியில விடாம கொண்டுவந்து சேர்த்தாரும்மா. அது லேசுப்பட்ட வேலை இல்ல."

மாமியார் அன்றைக்குக் கூடத்தை விட்டுப் போவதற்குள்ளேயே தங்கைக்குப் போன் போட்டார். "பேராசிரியரா? சே சே, அதெல்லாம் இல்ல" என்று அவர் உரக்கச் சொன்னது சிவப்புப் பெட்டி வரைக்கும் கேட்டது. "படம் மாட்டுறார்டீ. நீ வந்து பாரேன். முனையில பார்த்துத் திரும்பு."