அக்கா கொடுக்கும் பத்து நிமிடம்

குடிநீர்ப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் அலுவலகத்தில் என் அக்கா சூப்பர்வைசர். பன்னிரண்டு பேர் அவளுக்குக் கீழே. அவளும் ஒன்பது வருடம் அதே வரிசையில் உட்கார்ந்து ஏச்சு வாங்கியவள்தான். ஒருமுறை கழிவறையில் அழுதுவிட்டுத் தாமதமாக வந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சூப்பர்வைசரான முதல் நாளே அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். போனில் யாராவது அசிங்கமாகத் திட்டினால், ஹெட்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பத்து நிமிடம் மாடிக்குப் போகலாம். அதுவரை அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்துகொள்வாள்.

நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பிய வாரம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அங்கே மேனேஜர் நின்றிருந்தார்.

“மாடியில காத்து வாங்கவா ஆள் வெச்சிருக்கோம்? இன்னையோட இதை நிறுத்துங்கம்மா. இல்லேன்னா வேற ஆளை சூப்பர்வைசரா போட்டுடுவேன்.”

“தாராளமா போடுங்க சார்.”

“அப்புறம் நீங்க யாரையும் மாடிக்கு அனுப்ப முடியாது.”

“அனுப்ப மாட்டேன். பழையபடி வரிசையில உட்காருவேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு எழுந்து போனா, அவ போனையும் நான் எடுப்பேன். அதுக்குப் பதவி எதுக்கு? வாய் இருந்தா போதாதா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் திரும்பினார். கடைசி நாற்காலியில் ஒரு பெண் கண் கலங்க ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் மறுபடி மாட்டப் போனாள்.

“நீ போ, கண்ணு,” என்றாள் அக்கா.

அந்தப் பெண் எழுந்து போனாள். அக்கா அங்கே போய்ச் சேருவதற்குள், பக்கத்து நாற்காலிக்காரர் அந்தப் போனை எடுத்துவிட்டிருந்தார்.