கொன்வென்ட் பிள்ளையும் சைவக் கல்லூரியும்

வவுனியாவை அடுத்த ஓமந்தைக்கு உள்ளே, காட்டோரக் குடியேற்றத்தில் இருக்கும் அழகம்மாவை ஊரில் வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பத்தில் பிறந்தவள். புருசன் இறந்த பிறகு வயல் கூலிக்குப் போய் ஒரே மகள் தர்மிளாவை வளர்த்தாள். எவருக்கும் பயந்தவள் அல்ல. ஆனால் பக்கத்து வளவு பத்மாசனி கேட்ட ஒரு கேள்வி அவளுடைய வாயையே அடைத்துவிட்டது.

"கொன்வென்டில படிச்ச பிள்ளையைச் சைவக் கல்லூரியில எடுப்பினமோ, அழகம்மா?"

பத்மாசனி நல்ல மனுசி. நாக்குக்குத்தான் கடிவாளம் கிடையாது.

தர்மிளாவைக் கொன்வென்டில் விட்டது சமயத்துக்காக அல்ல, யானைக்காக. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காட்டுப் பாதையில் விடியவும் பொழுதுபடவும் யானை நிற்கும். அழகம்மா விடியமுன்னமே வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையைக் கூட்டிப்போக ஆளில்லை. வவுனியாவில் சிஸ்டர்மார் விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கொண்டுபோய் விட்டாள். சோற்றுக்காகச் சமயத்தை விற்றுவிட்டாள் என்று அப்போதே சிலர் கதைத்தார்கள். அவர்களுக்கு அழகம்மா கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

இப்போது அந்தப் பிள்ளை உயர்தரம் முடித்துவிட்டு, தேவாரப் பண்ணிசைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிளிநொச்சிச் சைவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அழைத்ததிலிருந்து அழகம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் செய்த வேலையால் பிள்ளையின் ஆசை பாழாகிவிடுமோ என்ற ஒரே நினைப்பு.

நேர்முகத் தேர்வன்று அறைக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே கிடந்தது. பண்ணிசை ஆசிரியர் யோகநாதன் பாடச்சொன்னார். தர்மிளா ஒரு பதிகம் பாடினாள். குரல் கணீரென்று வந்தது. ஆசிரியர் முதலில் தலையாட்டினார். பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இதென்ன பண், பிள்ளை?"

"தெரியாது சேர்."

"ஆர் பழக்கினது?"

"சிஸ்டர் பிலோமினா. எங்கட பள்ளிக்கூடத்தில சைவம் படிப்பிக்க ரீச்சர் இல்லை. சிஸ்டர்தான் புத்தகத்தைப் பாத்துப் பாத்து எங்களுக்குப் படிப்பிச்சவா. பண் அவாவுக்குத் தெரியாது. சேர்ச்சில ஞானப்பாட்டுக்கு வாசிக்கிற மெட்டில ஓகன் பெட்டி வாசிச்சுப் பாட்டுப் பழக்கினவா."

போச்சு, எல்லாம் போச்சு என்று அழகம்மாவுக்குப் பட்டது. அதற்குமேல் இருக்க முடியவில்லை. விறுவிறென்று உள்ளே போய்விட்டாள்.

"ஐயா, அந்தப் பள்ளிக்கூடத்தில விட்டது நான். யானைக்குப் பயந்து விட்டனான். பிழையெண்டால் என்னை ஏசுங்கோ. பிள்ளையைத் தள்ளிப்போடாதேங்கோ."

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இருங்கோ அம்மா. எந்தப் பள்ளிக்கூடமெண்டு நாங்கள் பாக்கிறேல்லை. சாதாரண தரச் சோதினையில சைவநெறிப் பாடம் பாஸ் பண்ணியிருக்க வேணும். பிள்ளை ஏ எடுத்திருக்கிறா. குரல் இருக்கவேணும், அதுவும் இருக்கு. பண் பழக்கத்தானே நாங்கள் இருக்கிறம்? வந்து சேரட்டும்."

அழகம்மாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் அந்த இடத்திலேயே அழுதாள். புருசன் செத்தபோதுகூட நாலுபேர் முன்னால் அப்படி அழாதவள். இத்தனை வருசமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினால் அழுகைதான் வரும், வேறென்ன வரும்? தர்மிளாதான் வெட்கத்தில் தாயின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அழகம்மா சிஸ்டர் பிலோமினாவுக்குப் போன் எடுத்தாள்.

"சிஸ்டர், பிள்ளையை எடுத்திட்டினம்!"

"ஆண்டவருக்கு நன்றி! என்ன பாடினவள்?"

"நீங்கள் பழக்கின பதிகம்தான்."

"ஐயையோ, அந்த மெட்டிலையோ? அவையள் சிரிச்சிருப்பினமே!"

"சிரிச்சால் சிரிக்கட்டும் சிஸ்டர். நீங்கள் பழக்கியிராட்டி என்ர பிள்ளை பாட வாயே திறந்திருக்காது."